ரூபியில் வகுத்தல் குறியையே மாற்றலாமா?

கேள்வி: குலசேகரத்தில் அப்பாவின் ரப்பர் ஷீட் கடைக்கு ரூபி என்ற புரோகிராம் மொழியில் பில் புரோகிராம் எழுதினேன். கல்லூரி புராஜெக்ட்டும் அதுதான். 5-ஐ 2-ஆல் வகுத்தால் 2 என்றே வந்தது. நாகர்கோவிலில் ஒரு புராஜெக்ட் சென்டரில் பணம் வாங்கிச் சரிசெய்து தந்தார்கள். இப்போது 2.5 வருகிறது. ஆனால் கணக்குப் பட்டியலில் 'பக்கம் 2.5' என்று காட்டுகிறதே?

பதில்: அவர்கள் சேர்த்த வரிகளை முதலில் அழியுங்கள். இன்டீஜர் கிளாஸை, அதாவது முழு எண்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ரூபி வைத்திருக்கும் வரையறையைத் திறந்து, '/' குறியையே மாற்றியிருக்கிறார்கள். ரூபியில் கூட்டலும் வகுத்தலும் மெத்தட்தான் (கிளாஸுக்குள் எழுதிய செயல்), மாற்ற முடியும். ஆனால் அது உங்கள் பில்லோடு நிற்காது. நீங்கள் சேர்த்த ஜெம்கள் (பிறர் எழுதித் தரும் ரூபி தொகுப்புகள்) எல்லாம் மாறிய வகுத்தலையே செய்யும். பக்கம் பிரிக்கும் ஜெம், 25-ஐ 10-ஆல் வகுத்தால் 2 வரும் என்று நம்பி எழுதப்பட்டது. ரூபியோடு வந்த 'மேத்-என்' லைப்ரரியும் இப்படித்தான் வகுத்தலை எங்கும் மாற்றியது. 2017-இல் வந்த ரூபி 2.5 பதிப்பில் அதை நீக்கியே விட்டார்கள்.

தசமம் வேண்டிய இடத்தில் மட்டும் 'எஃப்டிவ்' மெத்தடைக் கூப்பிடுங்கள். பில்லுக்கு அதைவிட நல்ல வழி உண்டு: எடையைக் கிராமிலும் பணத்தைப் பைசாவிலும் முழு எண்ணாக வையுங்கள், அச்சடிக்கும்போது மட்டும் மாற்றுங்கள். ஆர்எஸ்எஸ் 4 தர ரப்பர் ஷீட்டுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு (உறைந்து காய்ந்த ரப்பர் பால்) ஒரு விலை என்று போகிற கணக்கில் பைசா தவறினால் மாதக் கடைசியில் இடிக்கும்.

நீங்களே உருவாக்கும் கிளாஸில் குறிகளை எழுதுவதில் தவறே இல்லை. எடைக்கென்று ஒரு கிளாஸ் வைத்து அதற்கு '*' எழுதுங்கள். 'எடை * 2' உடனே வேலை செய்யும். '2 * எடை' செய்யாது, காரணம் ரூபி இடப்பக்கம் இருப்பவரிடம்தான் கேட்கும், அங்கே இருப்பது இன்டீஜர். இந்த இடத்தில்தான் பலரும் இன்டீஜரைத் திறந்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. இன்டீஜருக்குப் புரியாத பொருள் வந்தால் அது அந்தப் பொருளின் 'கோயர்ஸ்' மெத்தடைத் தேடும். அதை உங்கள் கிளாஸிலேயே எழுதி, இரண்டையும் எடையாக்கித் திருப்பிக் கொடுங்கள். எடையை எடையால் பெருக்க வந்தால் என்ன செய்வது என்பதையும் '*'-க்குள் முடிவுசெய்யுங்கள்.

ரிப்போர்ட்டின் பைண்டிங்கைப் பார்த்து மார்க் போடும் வழக்கம் ஒழியாதவரை இந்த சென்டர்கள் மூடப்போவதில்லை. புரோகிராமில் ஒரு வரியையாவது திறந்து பார்க்க வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்? இனி யாரிடமாவது கொடுத்தால், எந்த கிளாஸைத் திறக்கப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். இன்டீஜர், ஸ்ட்ரிங், அரே என்று ரூபியின் சொந்த கிளாஸ்களே பதிலாக வந்தால் பணம் கொடுக்காமல் எழுந்து வாருங்கள்.