விடையை முதலில் எழுதுங்கள், பிறகு மென்பொருளைத் திறவுங்கள்

கேள்வி: இயந்திரவியல் பொறியாளராகப் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். அதன் பிறகு என் நாள்கள் திட்ட அட்டவணைகளிலும் கூட்டங்களிலும் மின்னஞ்சல்களிலுமே கழிகின்றன. அண்மையில் பணியில் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஓர் உத்தரத்தின் நீளத்தைக் கூட்டினால் அது எவ்வளவு தொய்யும் என்று கேட்டபோது, என்னால் தோராயமாகக்கூடச் சொல்ல இயலவில்லை. மாலையில் களைத்துப்போய்விடுவதால், சேர்ந்த இணைய வகுப்புகள் மூன்றையும் பாதியில் விட்டுவிட்டேன். வேலையில் இருந்துகொண்டே பொறியியல் திறனைக் காத்துக்கொள்ள வழி உண்டா? பகுதிநேர முதுநிலைப் படிப்பில் சேரலாமா?

பதில்: நீங்கள் கற்றது அழிந்துவிடவில்லை என்பதை முதலில் நம்புங்கள். மறதியை முறையாக அளந்து 1885இல் நூலாக வெளியிட்ட ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ், மறந்துவிட்டதாகத் தோன்றுவதை மீண்டும் கற்க முதல் முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது என்பதைத் தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கண்டறிந்தார். நான்கு ஆண்டுகள் வடிவமைப்பில் உழைத்த உங்களுக்கு அந்த அனுகூலம் நிச்சயம் உண்டு.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, நேரமின்மையைவிட வேறொன்றே காரணமாக எனக்குப் பட்டது. கணினி விடை சொல்வதற்கு முன்பாக நீங்கள் விடை சொல்லவேண்டிய தருணமே உங்கள் வேலையில் இல்லாமல் போய்விட்டது. அந்தத் தருணத்தை நீங்களாகத்தான் உருவாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் மேசைக்கு வரும் எந்தக் கணக்கீட்டு அறிக்கையையும் திறப்பதற்கு முன், விடை எந்த அளவில் இருக்கும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். பிறகு அறிக்கையோடு ஒப்பிட்டு, உங்கள் கணிப்பு தவறியிருந்தால் எந்த அனுமானத்தில் தவறியது என்பதையும் இரண்டு வரிகளில் குறித்துவையுங்கள்.

அந்த இளைஞர் கேட்ட கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இரு முனைகளிலும் தாங்கப்பட்டு நடுவில் சுமை ஏற்ற உத்தரத்தின் தொய்வு, நீளத்தின் மும்மடிக்கு (நீளம் × நீளம் × நீளம்) ஏற்ப மாறும். ஆகவே 2 மீட்டர் உத்தரத்தை 3 மீட்டராக நீட்டினால் தொய்வு ஏறத்தாழ 3.4 மடங்காகிவிடும். எஃகுக்குப் பதிலாக அலுமினியத்தைப் பயன்படுத்தினால், அதன் மீள்மைக் குணகம், அதாவது வளையாமல் தாங்கும் விறைப்பின் அளவு, எஃகினதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே என்பதால் தொய்வு மேலும் மும்மடங்காகும். செவ்வக வெட்டுமுகத்தின் உயரத்தை இரட்டித்தாலோ, தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். வாய்பாட்டை முழுமையாக நினைவில் வைத்திருக்காவிட்டாலும், எது எதைப் பொறுத்து எத்தனை மடங்கு மாறும் என்ற உணர்வு கைவந்துவிட்டால், கூட்டத்தின் நடுவிலேயே ஒரு தவறான எண்ணை உங்களால் அடையாளம் காண முடியும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1991 ஆகஸ்டில் நார்வேயில், ஸ்லைப்னர் ஏ என்னும் கடல் எரிவாயுத் தளத்தின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம், நீரில் படிப்படியாக ஆழ்த்தப்பட்டபோது சுவர் ஒன்று உடைந்து முழுவதுமாக மூழ்கியது. கணினிப் பகுப்பாய்வில் ஒரு பகுதியின் கண்ணிகள் (கணக்கிடுவதற்காகப் பிரிக்கப்படும் சிறு கட்டங்கள்) சரியாக அமையாததால், அங்கிருந்த வெட்டுத் தகைவு (பொருளைக் கத்தரிப்பதுபோல் செயல்படும் அகவிசை) 47 விழுக்காடு குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. நீரின் அழுத்தமோ ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் (கடல் மட்டத்தில் காற்று தரும் அழுத்தம்) அளவுக்குக் கூடும்; 65 மீட்டர் ஆழத்தில் ஒரு சுவரை எவ்வளவு விசை தள்ளும் என்பதை ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிடலாம். அத்தகைய ஒரு தாளின் மதிப்பு என்னவென்று எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்வே நினைவுக்கு வருகிறது.

நேரத்தைப் பொறுத்தவரை, மாலையை நம்பாதீர்கள். அலுவலகம் சென்றவுடன், மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்னுள்ள இருபது நிமிடங்களே இதற்கு உகந்தவை. இதோடு, உங்கள் மேலாளரிடம் பேசி, மாதத்திற்கு ஒரு வடிவமைப்புக் கணக்கீட்டைச் சரிபார்க்கும் பொறுப்பையாவது கேட்டுப் பெறுங்கள். உங்கள் கையொப்பம் அதில் இருக்கும் என்ற நிலை தரும் கவனத்தை எந்த வகுப்பாலும் தர இயலாது. பட்டறைக்குச் சென்று, வரைபடத்தில் நீங்கள் ஒப்புதல் அளித்த பாகம் எங்கே பொருந்தாமல் தேய்க்கப்படுகிறது என்று இயந்திரம் இயக்குபவரிடம் கேட்பதும் அவ்வாறே பயன் தரும்.

இணைய வகுப்புகளைப் பாதியில் விட்டதற்காக வருந்த வேண்டாம். அடுத்த ஒரு மாதத்திற்குள் பயன்படுத்த வாய்ப்புள்ள பாடமாக இருந்தால் மட்டும் சேருங்கள். அதிலும் தேவையான பகுதியை மட்டும் படித்தால் போதும். முதுநிலைப் படிப்பு, துறை மாற விரும்புபவர்களுக்கும் ஆய்வில் நாட்டமுள்ளவர்களுக்கும் ஏற்றது; உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு விருப்பங்களையும் நான் காணவில்லை.

அந்த இளைஞரை மீண்டும் அழைத்து, அவர் கேட்ட கணக்கை இருவரும் சேர்ந்து தாளில் போட்டுப் பாருங்கள். மென்பொருளில் அவருக்குக் கிடைத்த விடையையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.