டிரிம்மைக் கடைசி வரை தள்ளியும் கார் நேராக ஓடாதது ஏன்?

கேள்வி: பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார ரிமோட் கார் ஒன்று வைத்திருக்கிறேன். அதனுடன் வந்த டிரான்ஸ்மிட்டரை மாற்றி, திரையுடன் கூடிய பிஸ்டல் வகை டிரான்ஸ்மிட்டரையும் காரில் சிக்னலைப் பெறும் ரிசீவரையும் முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவையும் பொருத்தினேன். பைண்ட் செய்வதில், அதாவது டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் ஒன்றோடொன்று இணைப்பதில், சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் கார் நேராக ஓட வேண்டுமானால், ஸ்டீயரிங்கின் நடுப்புள்ளியை நகர்த்தும் டிரிம்மை வலப்பக்கம் கடைசி வரை தள்ள வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் சிறிய வட்டத்தில் திரும்பும் கார், வலப்பக்கம் பெரிய வட்டம் போடுகிறது. இடப்பக்கம் முழுதாகத் திருப்பிப் பிடித்தால் சர்வோ முனகுகிறது. சிறிது நேரத்திலேயே கை வைக்க முடியாதபடி சுடுகிறது. டிரான்ஸ்மிட்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் எழுதியுள்ள மூன்று குறைகளையும் சேர்த்துப் பார்த்தால், சர்வோவின் அச்சில் ஹார்ன் என்ற சிறு கை ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கிறது என்றே படுகிறது. பல சர்வோக்களின் அச்சில் 25 பற்கள் இருக்கும். ஒரு பல் தள்ளினால் 14.4 பாகை கோணல். இந்தக் கோணலை டிரிம்மால் ஈடுகட்டும்போது நடுப்புள்ளி மட்டும் வலப்பக்கம் நகர்கிறது, இரு முனைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால் வலப்பக்கம் திரும்ப மிச்சமிருக்கும் தூரம் குறைந்துபோகிறது. இடப்பக்கமோ தூரம் கூடிவிடுவதால், சக்கரம் தடைபட்டு நின்ற பிறகும் சர்வோ தள்ளிக்கொண்டே இருக்கிறது. முனகலும் சூடும் அந்தத் தள்ளலின் விளைவு. இது சர்வோவை மட்டும் கெடுப்பதோடு நிற்காது. தடைபட்ட சர்வோ மிகுந்த மின்னோட்டத்தை இழுப்பதால் ரிசீவருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சரிந்து, ஓடிக்கொண்டிருக்கும் கார் ஒரு கணம் சொன்னபடி கேளாமல் போகவும் கூடும்.

முதலில் மோட்டாரின் அச்சிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனைக் கழற்றிவிடுங்கள், அல்லது நான்கு சக்கரங்களும் தரையில் படாதவாறு காரைத் தூக்கி வையுங்கள். டிரிம், மெனுவுக்குள் இருக்கும் சப் டிரிம் (நடுப்புள்ளியை நுணுக்கமாகத் திருத்துவது) இரண்டையும் சுழியத்துக்குக் கொண்டுவந்து, முழுத் திருப்பத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் டூயல் ரேட்டை 100 விழுக்காட்டில் வையுங்கள். ஹார்னைக் கழற்றிவிட்டு டிரான்ஸ்மிட்டரை முதலிலும் காரை அடுத்தும் இயக்கினால் சர்வோ தானாகவே தன் நடு நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையில், ஹார்னை முன்சக்கரங்களின் திருப்பும் அமைப்போடு இணைக்கும் கம்பிக்குச் செங்குத்தாக எந்தப் பல்லில் ஹார்ன் மிக நெருக்கமாக அமைகிறதோ அந்தப் பல்லில் மாட்டுங்கள். ஹார்னைத் தலைகீழாகத் திருப்பியும், வேறு பல்லில் வைத்தும் பார்ப்பதில் சோம்பல் கூடாது. இங்கே செலவிடும் பத்து நிமிடங்கள் பின்னால் வரும் எல்லாத் தொல்லையையும் தவிர்க்கும். எஞ்சும் சிறு கோணலுக்குத்தான் சப் டிரிம். அதன் பிறகும் முன்சக்கரங்கள் நேராக நிற்கவில்லையென்றால் கம்பியின் நீளத்தைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கையருகே உள்ள டிரிம் பொத்தானை ஓடுதளத்தில் ஓரிரு புள்ளி திருத்துவதற்காக ஒதுக்கிவையுங்கள்.

அடுத்தது எண்டு பாயிண்ட், அதாவது ஒவ்வொரு பக்கமும் சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை. இரு பக்கத்தையும் 60 விழுக்காட்டுக்குக் குறைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிப் பிடித்தபடி அந்தப் பக்கத்தின் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். சக்கரம் மேற்கொண்டு திரும்ப வழியில்லாமல் நிற்கும் இடம் வரும். சர்வோவை அதிர்ச்சியிலிருந்து காக்கும் ஸ்பிரிங் அமைப்பான சர்வோ சேவர் உள்ள கார் என்றால், சக்கரம் நின்ற பிறகும் ஹார்ன் மட்டும் மயிரிழை அளவு நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். சர்வோவின் உடலில் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வும் தெரியும். அங்கிருந்து இரண்டு மூன்று புள்ளிகள் பின்வாங்கி நிறுத்திவிடுங்கள். மறுபக்கத்தையும் தனியாக இவ்வாறே செய்யுங்கள். இரு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிறகு காரைத் தரையில் விட்டு, மெதுவான வேகத்தில் இரு பக்கமும் முழு வட்டம் அடித்துப் பார்த்து, எந்த வட்டம் சிறியதோ அந்தப் பக்கத்தின் எண்ணைக் குறைத்து இரண்டையும் சமப்படுத்துங்கள்.

கேள்வி: வேகமாக ஓட்டும்போது சிறிது திருப்பினாலே கார் துள்ளித் திரும்புகிறது. டூயல் ரேட்டைக் குறைப்பதா, எக்ஸ்போவை மாற்றுவதா?

பதில்: டூயல் ரேட் முழுத் திருப்பத்தின் அளவையே குறைத்துவிடும், குறுகிய வளைவில் கார் திரும்பாமல் வெளியே போகும். எக்ஸ்போ முழுத் திருப்பத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுப்பகுதியின் துடிப்பை மட்டும் மென்மையாக்குகிறது. உங்களுக்கு வேண்டியது எக்ஸ்போதான். மென்மையாக்கக் கழித்தல் குறியைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு, கூட்டல் குறியைப் பயன்படுத்தும் நிறுவனங்களும் உண்டு. ஆகவே குறியை நம்பாமல் திரையில் தோன்றும் கோட்டைப் பாருங்கள். நடுவில் அது படுத்தாற்போல் இருந்தால் மென்மை. சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: ஃபெயில்சேஃப் என்ற வசதியை நான் தொட்டதே இல்லை. அது கட்டாயமா?

பதில்: கட்டாயம். சிக்னல் அறுந்துபோகும் நொடியில், வேகத்தையும் பிரேக்கையும் ஆளும் திராட்டில் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதை ரிசீவருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் ஃபெயில்சேஃப். அதை அமைக்காவிட்டால் சில ரிசீவர்கள் கடைசியாகக் கிடைத்த கட்டளையையே பிடித்துக்கொள்ளும். முழு வேகத்தில் சிக்னல் போனால் கார் முழு வேகத்திலேயே எதிரே நிற்பவரின் காலை நோக்கிப் போகும். ஆசைக்காக ஓட்டும் ஒரு பொருளால் யாருக்கும் காயம் ஏற்படக் கூடாது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

முதலில், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான ஸ்பீடு கன்ட்ரோலருக்கு நடு நிலை, முழு வேகம், முழு பிரேக் ஆகிய மூன்றையும் கற்பிக்க வேண்டும். அப்போது திராட்டிலின் எண்டு பாயிண்ட் 100 விழுக்காட்டிலும் டிரிம் சுழியத்திலும் இருக்கட்டும். அதன் பிறகு திராட்டில் டிரிம்மைத் தொடாதீர்கள். விசையை விட்ட பின்னும் கார் ஊர்ந்தால் மீண்டும் கற்பியுங்கள். இந்த அமைப்பெல்லாம் முடிந்த பிறகே ஃபெயில்சேஃபை நடு நிலையிலோ இலேசான பிரேக்கிலோ பதிவுசெய்ய வேண்டும். எரிபொருள் என்ஜின் உள்ள கார் என்றால் பிரேக் நிலைதான் சரி. ஆனால் ரிசீவரின் பேட்டரியே தீர்ந்துபோனால் ஃபெயில்சேஃபாலும் பயனில்லை என்பதால், என்ஜினுக்குள் எரிபொருளும் காற்றும் போகும் கார்புரேட்டரைத் தானாக மூடும் ஸ்பிரிங் ஒன்றும் அவசியம்.

சோதிப்பது எளிது. சக்கரங்களைத் தூக்கி வைத்து, மெதுவாகச் சுழலவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். சக்கரங்கள் நின்றாக வேண்டும். வழக்கமாக நிறுத்தும்போது காரைத்தான் முதலில் அணைப்போம். இந்தச் சோதனைக்கு மட்டும் அந்த வரிசை தலைகீழாகிறது.