பர்சனாலிட்டி டெஸ்ட் வைத்து ஆள் எடுக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி வைத்திருக்கிறேனுங்க. 140 பேர் வேலை செய்கிறார்கள். லைன் சூப்பர்வைசர், செக்கிங் ஆட்கள் எடுப்பதற்காக என் மகன் ஆன்லைனில் ஒரு பர்சனாலிட்டி டெஸ்ட் வாங்கி வைத்தான். 'காரணமே இல்லாமல் அழுகை வருமா', 'ராத்திரி தூக்கம் கெடுமா', 'தினமும் சாமி கும்பிடுவீர்களா', 'கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்கு வருவீர்களா' என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். மார்க் குறைவு என்று அவிநாசியிலிருந்து வந்த ஒரு பெண்ணை எடுக்கவில்லை. 'என் மார்க்கைக் காட்டுங்கள், ஏன் ஒதுக்கினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்' என்று அந்த அம்மணி இப்போது மெயில் போட்டிருக்கிறது. டெஸ்ட் வைத்தது தப்புங்களா? மார்க்கைக் கொடுத்துத்தான் ஆகணுமா?

பதில்: டெஸ்ட் வைத்ததில் தப்பில்லைங்க. வேலைக்கு ஆள் எடுக்கும்போது பர்சனாலிட்டி டெஸ்ட் வைக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. எல்லாரையும் சமமாக நடத்தச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 14, 16-வது பிரிவுகள் அரசைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் கம்பெனி யாரை எடுப்பது என்பது முதலாளியின் விருப்பம். 'இந்தப் பெண்ணுக்கு வேலை கொடு' என்று கோர்ட் உங்களுக்கு உத்தரவு போடும் என்ற பயம் வேண்டாம்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நாலு கேள்வியும் வில்லங்கம்.

முதலில் கல்யாணக் கேள்வி. ஆண்களிடமும் இதையே கேட்டீர்களா? பெண்களிடம் மட்டும் கேட்டிருந்தால் அது பாலினப் பாகுபாடு. 1976-ன் சம ஊதியச் சட்டமே ஆள் எடுப்பதில் இதைத் தடுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின் 3-வது பிரிவும் அதையேதான் சொல்கிறது. இது தனியாருக்கும் பொருந்தும்.

அழுகையும் தூக்கமும் அதைவிடச் சிக்கல். அவை குணத்தைக் கேட்கும் கேள்விகள் இல்லை, மனநலத்தைக் கேட்பவை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மனநோயும் இருக்கிறது. வேலைக்கும் அந்தக் குறைபாட்டுக்கும் சம்பந்தம் உண்டு, ஒதுக்கியதற்கு நியாயமான காரணம் உண்டு என்று காட்ட முடியாவிட்டால் அது பாகுபாடு. முதல் முறை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து என்றால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அதே சட்டத்தின் 21-வது பிரிவுப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். உங்களிடம் இருக்கிறதா? பெரும்பாலான கம்பெனிகளில் கேட்டால் ஆபீஸ் மேனேஜர் முழிப்பார்.

அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு வழக்கு நடந்தது. ரென்ட்-ஏ-சென்டர் என்ற கம்பெனி பதவி உயர்வு கேட்ட ஊழியர்களுக்கு எம்.எம்.பி.ஐ. என்ற டெஸ்டை வைத்தது. மனநோயைக் கண்டுபிடிக்க மருத்துவமனைக்கென உருவான டெஸ்ட் அது. 2005-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், இது மருத்துவப் பரிசோதனை, இதை வைத்து ஆளை ஒதுக்கக் கூடாது என்றது. நம் கோர்ட்டை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கையோடு கொண்டுவருவார்.

சாமி கேள்விக்குத் தனியார் கம்பெனி மேல் நேரடியாகப் பாயும் சட்டம் இல்லை. ஆனால் நீங்கள் ஏற்றுமதிக்காரர். உங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் நடத்தும் ஆடிட் பெரும்பாலும் இ.டி.ஐ. (எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவ்) என்ற அமைப்பின் அடிப்படை விதிகளை வைத்துத்தான் நடக்கும். மதம், திருமண நிலை, பாலினம், உடல்குறை பார்த்து ஆள் எடுப்பது அதில் மீறல் என்றே எழுதியிருக்கிறது. ஆடிட்டர் அந்தக் கேள்வித்தாளைப் பார்த்தால், வழக்கே இல்லாமல் ஆர்டருக்குச் சேதாரம் வரும். திருப்பூரில் லேபர் ஆபீசைவிட ஆடிட்டருக்குத்தான் பயம் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி மார்க் விஷயம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளில் மனநலம் பற்றிய தகவல் 'சென்சிடிவ்', அதாவது தனிக் கவனத்தோடு கையாள வேண்டிய தகவல். அதை வாங்குவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், வேலைக்குத் தேவையானதை மட்டுமே கேட்டிருக்க வேண்டும். கொடுத்த தகவலைப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு உரிமை உண்டு. ஆகவே தான் எழுதிய பதில்களைக் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். அவற்றைக் கூட்டி நீங்கள் போட்ட மார்க் அந்த உரிமையில் வருமா என்பது வாதத்துக்குரியது. என் யோசனை, அதையும் கொடுத்துவிடுங்கள். மறைத்தால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் நோட்டீஸ் வரும். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. தகவலைச் சரியாகப் பாதுகாக்காவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட அதில் இடம் உண்டு. அதற்குள் வீட்டைச் சுத்தம் செய்துகொள்வது நல்லது.

மகன் மேல் கோபப்படாதீர்கள், விற்றவன் அப்படிப் பேசியிருப்பான். '16 வகை மனிதர்' என்று சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்டை ஆள் எடுக்கப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. தவிர, வேலை வேண்டும் என்று வந்தவரிடம் 'கோபம் வருமா' என்று கேட்டால் யாராவது 'வரும்' என்று டிக் அடிப்பார்களா? செக்கிங்குக்கு ஆள் வேண்டுமா, 20 பீஸை மேசையில் போடுங்கள். ஓட்டை, ஆயில் கறை, ஷேடு வித்தியாசம், ஸ்கிப் ஸ்டிச் நாலையும் நீங்களே கலந்து வைத்து, எத்தனை பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். சூப்பர்வைசருக்கு, டைலர் இரண்டு பேர் லீவு போட்ட நாளில் லைனை எப்படி ஓட்டுவார் என்று கேளுங்கள். எல்லாரிடமும் அதே கேள்வி, அதே மதிப்பெண் முறை. நாளைக்குக் கேஸ் வந்தாலும் கையில் காட்ட இந்தத் தாள் போதும்.

அந்த அம்மணிக்கு இப்படிப் பதில் போடுங்கள்: 'உங்கள் பதில்களும் மதிப்பெண்ணும் இத்துடன் உள்ளன. இந்தத் தேர்வை நிறுத்திவிட்டோம். விருப்பமிருந்தால் செய்முறைத் தேர்வுக்கு மறுபடி வரலாம்.' 'மனநிலை சரியில்லை', 'குணம் ஒத்துவராது' மாதிரி ஒரு வார்த்தையும் வேண்டாம். மெயிலை அனுப்பும் முன், டெஸ்ட் விற்ற நிறுவனத்திடம் பேசி, இதுவரை எழுதியவர்களின் பதில்கள் யாருடைய சர்வரில் கிடக்கின்றன என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.