சக்கரம் பெயர்ந்து வந்த பெட்டிக்கு இழப்பீடு உண்டா?

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டு, திருச்சியிலேயே எடுத்திருந்த போக வர டிக்கெட்டில் சென்ற மாதம் ஊர் திரும்பினேன். நள்ளிரவில் இறங்கிய அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை. காலையில் பார்த்தால் பெட்டியின் ஒரு சக்கரம் அடியோடு பெயர்ந்திருந்தது. மூலை பிளந்து, உள்ளே இருந்த ரைஸ் குக்கரும் நசுங்கியிருந்தது. மூன்றாம் நாள் படங்களுடன் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "சக்கரமும் கைப்பிடியும் இயல்பான தேய்மானத்தில் அடங்கும், விமான நிலையத்திலும் நீங்கள் புகார் தரவில்லை, இருந்தாலும் நல்லெண்ணத்தின் பேரில் 1,500 ரூபாய் வவுச்சர் தருகிறோம்" என்று பதில் வந்திருக்கிறது. வாங்கிக்கொண்டு விட்டுவிடு என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள், அம்மா. அந்த வவுச்சருடன் "இதுவே முழுமையான, இறுதியான தீர்வு" என்று ஒரு வரி சேர்ந்து வரக்கூடும்; அதற்குச் சம்மதித்துவிட்டால் பிறகு எதையும் கேட்பது கடினம்.

உங்கள் பயணத்துக்குப் பொருந்துவது, பன்னாட்டு விமானப் பயணங்களில் நிறுவனங்களின் பொறுப்பை வகுக்கும் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா, சிங்கப்பூர் இரண்டுமே அதில் சேர்ந்துள்ள நாடுகள். செக்-இன் செய்த பெட்டி விமான நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த நேரத்தில் சேதமடைந்தால், நிறுவனமே பொறுப்பு என்று அதன் 17-ஆம் பிரிவு சொல்கிறது. கையாண்டவர்களின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதே இல்லை. பெட்டியின் சொந்தக் குறைபாட்டால் சேதம் நேர்ந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் நிறுவனம் விலகிக்கொள்ளலாம். மேலே விழுந்த கீறலையும் அழுக்கையும் தேய்மானம் என்று சொன்னால் ஏற்கலாம். நன்றாக உருண்டுகொண்டிருந்த சக்கரம் இருந்த இடத்தையே பிளந்துகொண்டு வெளியே வந்திருப்பதைத் தேய்மானம் என்று எழுதுவது நியாயமே இல்லை. நிறுவனம் தன் விதிமுறைகளில் அப்படி எழுதி வைத்திருந்தாலும், உடன்படிக்கை விதிக்கும் பொறுப்பிலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளும் எந்த வாசகமும் செல்லாது என்பது 26-ஆம் பிரிவு. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும், சக்கரம், கைப்பிடி போன்றவற்றுக்கு ஏற்பட்ட சேதத்தை ஒட்டுமொத்தமாக ஒதுக்கக் கூடாது என்று 2015-இல் விமான நிறுவனங்களுக்கு நினைவூட்டியது.

விமான நிலையத்திலேயே புகார் தந்து பி.ஐ.ஆர். (பெட்டி சேத அறிக்கை) எண் வாங்கியிருந்தால் உங்கள் வழக்கு இன்னும் வலுவாக இருந்திருக்கும் என்பது உண்மைதான். புகார் இல்லாமல் பெட்டியை எடுத்துச் சென்றால், அது நல்ல நிலையில் கிடைத்ததாகவே முதலில் கருதப்படும். ஆனால் அந்தப் புகாரை எழுத்தில் தருவதற்கு, பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து ஏழு நாள் அவகாசம் உண்டு. மூன்றாம் நாளே மின்னஞ்சல் அனுப்பியிருப்பதால் உங்கள் உரிமை போகவில்லை. (பெட்டி தாமதமாக வந்திருந்தால் இந்த அவகாசம் 21 நாள்.)

இனி ஆதாரங்களைப் பாருங்கள். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி ஒட்டியிருக்கும் நீளத் தாளில் பார்கோடுக்கு அருகே பத்து இலக்க எண் இருக்கும். போர்டிங் பாஸுடன் தந்த சிறு துண்டிலும் அதே எண்தான். வீட்டுக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் கிழித்தெறிவது அந்தத் தாளைத்தான். உங்களிடம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பெட்டி பழுதுபார்க்கும் கடையில், சரிசெய்ய எவ்வளவு ஆகும் அல்லது சரிசெய்யவே முடியாது என்று எழுதி வாங்குங்கள். பெட்டிக்கும் குக்கருக்கும் பில் இல்லாவிட்டால், பணம் செலுத்திய வங்கிப் பதிவு உதவும்.

2024 டிசம்பர் 28 முதல் உடன்படிக்கையின் உச்ச வரம்பு, பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். அது உச்ச வரம்பே அன்றி, கேட்டவுடன் கிடைக்கும் தொகை அன்று. பெட்டியின் வயதுக்கு ஏற்ற கழிவு போக, உண்மையான இழப்பைக் கேளுங்கள். கூட்டிக் கேட்டால் நியாயமான பகுதியும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

முதலில் நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு (பயணிகளின் புகார்களைக் கவனிப்பவர்), மேற்கண்ட பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பலன் இல்லையென்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. போக வர டிக்கெட்டுக்குப் புறப்பட்ட ஊரே சேருமிடமும் ஆகும் என்பதால், சிங்கப்பூருக்குப் போய் வழக்காட வேண்டியதில்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை; டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. ஊர் வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: கச்சேரிக்காக வீணையுடன் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போக வேண்டியிருக்கிறது. உடைந்தால் முழு விலையும் கிடைக்குமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டிக்கான வரம்பு 20,000 ரூபாய்தான். பலாமரத்தில் கடைந்த நல்ல தஞ்சாவூர் வீணைக்கு அது எந்த மூலைக்கு? அதனால் செக்-இன் செய்யும்போதே அதன் மதிப்பை அறிவித்து, அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தி ரசீது வாங்குங்கள். கவுன்டரில் "உடையக்கூடிய பொருள்" என்று ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாசகம் அதில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே போடுங்கள். உறைக்குள் வைப்பதற்கு முன் குடம், தண்டி, யாளி முகம், மேளம் (மெழுகில் மெட்டுகள் பதித்த பகுதி) எல்லாவற்றையும் அந்தக் கவுன்டர் அருகிலேயே நேரம் பதியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் பெல்ட்டிலிருந்து எடுத்ததும் உறையைத் திறந்து பார்க்காமல் வெளியே வராதீர்கள்.