ஃபீடர் கணக்கு முடியவில்லையா? நிரலை விடுங்கள், பட்டியலைப் பாருங்கள்

கேள்வி: மின்பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். புராஜெக்டுக்காக எங்கள் ஊர் 11 கிலோவோல்ட் ஃபீடர் (சப்-ஸ்டேஷனிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களுக்குப் போகும் லைன்) ஒன்றுக்கு லோட் ஃப்ளோ, அதாவது எந்த இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் என்ற கணக்கு, போடுகிறேன். மெயின் லைன் 8 கி.மீ., ராபிட் கண்டக்டர் (ஒரு கம்பி வகை). 37 டிரான்ஸ்ஃபார்மர்கள், கூட்டினால் 3,400 கே.வி.ஏ. ஃபாஸ்ட் டீகப்பிள்டு என்ற முறையில் நானே எழுதிய நிரலில் ஐ.இ.இ.இ. 14 பஸ் (14 இணைப்புப் புள்ளிகள் கொண்ட) மாதிரிக் கணக்கு சரியாக முடிகிறது. ஃபீடர் டேட்டாவைக் கொடுத்தால் பிழை சுற்றுக்குச் சுற்று பெருகிக்கொண்டே போகிறது. நியூட்டன்-ராப்சன் முறைக்கு மாறினால் சரியாகுமா? பட்டியலை இணைத்திருக்கிறேன். சப்-ஸ்டேஷன் லாக் ஷீட்டில் அதிகபட்சம் 95 ஆம்பியர்.

பதில்: மாறிப் பாருங்கள், அதிலும் முடியாது. கோளாறு உங்கள் பட்டியலில் இருக்கிறது.

லைன் பட்டியலில் 1 கி.மீ.க்கு மின்தடை 0.457 என்று போட்டிருக்கிறீர்கள். இது ஓம் அல்ல; லோட் ஃப்ளோவில் எல்லா அளவையும் ஒரு பொது அடிப்படையால் வகுத்து விகிதமாகத்தான் எழுதுவோம். ராபிட்டுக்கு கிலோமீட்டருக்கு 0.5524 ஓம். 11 கிலோவோல்ட்டில் 100 எம்.வி.ஏ. (1 எம்.வி.ஏ. என்பது 1,000 கே.வி.ஏ.) அடிப்படை எடுத்தால் அடிப்படை இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கான மொத்த எதிர்ப்பு) 1.21 ஓம், வகுத்தால் 0.457. சரிதான். அடுத்த பக்கத்தில் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மருக்கு நேரே 0.063 என்று இருக்கிறது. அதுவும் சரிதான், ஆனால் 1 எம்.வி.ஏ. அடிப்படையில்! லைனோடு சேர வேண்டுமானால் 0.00063 என்று இருந்திருக்க வேண்டும். ஆக, 3.4 எம்.வி.ஏ. ஃபீடரை 340 எம்.வி.ஏ. சுமக்கச் சொல்லியிருக்கிறீர்கள். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஒரு யூனிட்டே 210 மெகாவாட்தான். அதைவிடப் பெரிய சுமையை ஒரு ராபிட் கம்பியில் அனுப்பச் சொன்னால் எந்த நிரல்தான் விடை தரும்? 14 பஸ் கணக்கில் எல்லா எண்ணும் 100 எம்.வி.ஏ. அடிப்படையிலேயே தயாராக இருப்பதால் இந்தத் தவறு அங்கே தலைகாட்டவில்லை.

இன்னொன்று. 3,400 கே.வி.ஏ. என்பது டிரான்ஸ்ஃபார்மர்களின் கொள்ளளவு, லோட் அல்ல. எல்லா டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே நேரத்தில் முழு லோடில் ஓடுவதில்லை. உங்கள் கையில் லாக் ஷீட் இருக்கிறது, அதை நம்புங்கள். 95 ஆம்பியர் என்றால் சுமார் 1.8 எம்.வி.ஏ. அதை ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவுக்கு ஏற்ற விகிதத்தில் பிரித்துப் போடுங்கள், 63 கே.வி.ஏ.க்கு 33 வரும். உண்மையில் வீட்டு லோடும் விவசாய மோட்டார் லோடும் ஒரே மாதிரி ஏறி இறங்காது. இருந்தாலும் புராஜெக்டுக்கு இது போதும்.

இப்போது நிரலைத் தொடாமல், ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். லோட் முழுவதும் 8 கி.மீ. தள்ளி டெயில் எண்டில், அதாவது கடைமுனையில், ஒரே இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 1.5 மெகாவாட், பவர் ஃபேக்டர் (எம்.வி.ஏ.யில் மெகாவாட்டின் பங்கு) 0.85. அப்படியானால் 0.93 மெகாவார் (வேலை செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் பவர்). மின்தடை 4.4 ஓம், ரியாக்டன்ஸ் (கம்பியின் காந்தப்புலத்தால் வரும் எதிர்ப்பு) கிலோமீட்டருக்குச் சுமார் 0.35 என்று வைத்தால் 2.8 ஓம். மெகாவாட்டை மின்தடையாலும் மெகாவாரை ரியாக்டன்ஸாலும் பெருக்கிக் கூட்டினால் 9.2. இதைக் கடைமுனை மின்னழுத்தத்தால் வகுத்தால் வீழ்ச்சி கிலோவோல்ட்டில் கிடைக்கும். கடைமுனை மின்னழுத்தம்தான் தெரியாதே? முதலில் 11 என்றே வைப்போம். வீழ்ச்சி 0.84, மிச்சம் 10.16. அந்த 10.16-ஆல் மறுபடி வகுத்தால் வீழ்ச்சி 0.91, மிச்சம் 10.09. இன்னொரு முறை செய்தாலும் 10.09-தான். முடிந்தது! லோட் ஃப்ளோ என்று நாம் சொல்வது இதைத்தான். 14 பஸ்ஸுக்கும் 1,400 பஸ்ஸுக்கும் இதே வேலையை கம்ப்யூட்டர் செய்கிறது.

உண்மையில் லோட் வழி நெடுக இறங்கிக்கொண்டே போகும், வீழ்ச்சி ஏறக்குறைய இதில் பாதியாகும். எனவே உங்கள் நிரல் மெயின் லைன் டெயில் எண்டில் 10.09-க்குக் கீழே காட்டினால், டேட்டாவை மறுபடி பாருங்கள். 11 கிலோவோல்ட்டில் 9 சதவீதம் வரை குறையலாம் என்பது விதி, அதாவது 10.01. நம் மோசமான கற்பனையே அதற்கு உள்ளேதான் நிற்கிறது.

இதே தாளில் லோடை மட்டும் ஏற்றிக்கொண்டே போங்கள். 4.9 மெகாவாட் தாண்டியதும், நாம் மறுபடி மறுபடி வகுத்துத் தீர்த்த அந்த இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யான விடையே கிடையாது. அதற்கு மேல் அந்த லைனால் கொண்டுபோக முடியாது. ஆகவே கணக்கு முடியாததெல்லாம் நிரலின் குற்றமல்ல. சில சமயம் அதுவே சரியான பதில்.

சரி, பட்டியலைத் திருத்திய பிறகும் ஃபாஸ்ட் டீகப்பிள்டு தகராறு செய்யலாம். 1974-இல் ஸ்டாட், அல்சாக் இருவரும் வெளியிட்ட அந்த முறை, ரியாக்டன்ஸோடு ஒப்பிட்டால் மின்தடை மிகச் சிறியது என்ற அனுமானத்தில் நிற்கிறது. 400 கிலோவோல்ட் ட்வின் மூஸ் (தடித்த இரட்டைக் கம்பி) லைனில் கிலோமீட்டருக்கு மின்தடை 0.03 ஓம், ரியாக்டன்ஸ் 0.33, அங்கே பொருந்தும். உங்கள் ராபிட்டில் 0.55-க்கு 0.35, தலைகீழ். டின்னி, ஹார்ட் 1967-இல் தந்த நியூட்டன் முறைக்கு இந்த அனுமானம் தேவையில்லை, அது ஓடும். ஆனால் கிளை பிரிந்து போகிற, எங்கும் வளையமாகச் சேராத ஃபீடருக்கு நான் ஜாக்கோபியன் (நியூட்டன் முறைக்குத் தேவையான அணி) பக்கமே போக மாட்டேன். கடைசி டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்னோட்டங்களைக் கூட்டிக்கொண்டே சப்-ஸ்டேஷன் வரை வாருங்கள். அப்புறம் சப்-ஸ்டேஷனிலிருந்து மின்னழுத்தத்தைக் கழித்துக்கொண்டே கடைசி வரை போங்கள். நாலைந்து முறை போய்வந்தால் விடை நிற்கும். இதை எக்ஸெல்லிலேயே செய்யலாம்.

புராஜெக்டில் "மின்னழுத்தத்தை உயர்த்த என்ன வழி" என்று ஒரு பகுதி கட்டாயம் கேட்பார்கள், எல்லோரும் கெபாசிட்டர் என்று எழுதுவார்கள். கெபாசிட்டர் ஈடுகட்டுவது மெகாவாரை மட்டும்தான். எழுதும் முன் அதே தாளில் 0.93 மெகாவாரைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள்: 10.09 என்பது 10.36 ஆகும், அவ்வளவுதான். வீழ்ச்சியின் பெரும்பங்கு மின்தடையால் வருவதால், ராபிட்டைவிடத் தடித்த கம்பி போட்டால் என்ன ஆகும் என்றும் ஒரு முறை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.