சந்தனமா, மயில் நீலமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்துக்கு மேற்குப் பக்கம் மட்டுமே ஜன்னல் உண்டு, தரை ரெட் ஆக்சைடு போட்ட பழைய தரை. சந்தன நிறம் பூசலாம் என்கிறார் கணவர். மயில் நீலம்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருக்கிறாள். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சந்தனத்தையே முதன்மை நிறமாகக் கொள்ளுங்கள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வரும் அறையில் அதை வாங்கி உள்ளே திருப்பித் தருவது ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவர்தான். அடர்ந்த நீலம் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும் என்பதால், கிழக்குச் சுவரில் அதைப் பூசினால் பகலிலும் விளக்கைப் போட வேண்டியிருக்கும். ஜன்னல் சுவரிலும் வேண்டாம். இருண்ட சுவருக்கு நடுவே மாலை வெயில் கண்ணைக் கூசவைக்கும்.

மகளின் ஆசையை வடக்குச் சுவரில் நிறைவேற்றலாம், தாராளமாக. ஆனால் மேற்கு வெயில் அந்தச் சுவரை ஒட்டிச் சாய்வாக விழும்போது, பட்டி பார்த்ததில் தங்கிய சிறு மேடுபள்ளமும் ரோலர் தடமும் அப்படியே வெளியே தெரியும். ஆகையால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதில் பெயிண்டரை அவசரப்பட விடாதீர்கள்; பளபளப்பில்லாத மேட் எமல்ஷனையே கேளுங்கள்.

சந்தனம் என்று கடையில் காட்டுபவற்றில் சில மஞ்சள் சாயலும் சில இளஞ்சிவப்புச் சாயலும் கொண்டவை. உங்கள் தரை தன் சிவப்பைச் சுவரின் அடிப்பகுதியில் ஏற்றும். இளஞ்சிவப்புச் சாயலை எடுத்தால், மாலை வெயிலும் சேர்ந்து கூடமே செங்கல் நிறத்துக்குப் போய்விடும். வெளிர் மஞ்சள் சாயல் நல்லது. இரவில் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்டில் அதுவும் சோகை பிடித்தாற்போலத் தெரியும் என்பதால், ஒளியில் நீலச் சாயல் குறைந்த 4000 கெல்வின் எல்.இ.டி. விளக்குக்கு மாறிவிடுங்கள் (கெல்வின் என்பது விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு).

ஷேடு கார்டின் சிறு துண்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். பழைய சுவரிலேயே திட்டாகப் பூசிப் பார்ப்பதும் ஏமாற்றும். பக்கத்து நிறம் ஒரு நிறத்தின் தோற்றத்தையே மாற்றிவிடும் என்பதை, பாரிஸின் கோபலின் சித்திரக்கம்பள ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே ஒரு நூலில் விரிவாக விளக்கியிருக்கிறார். இரண்டு பெரிய அட்டைகளில் பிரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு கோட் பூசி, ஈரத்தில் வெளிறித் தெரியும் எமல்ஷன் நன்றாக உலர்ந்து தன் நிறத்துக்கு வந்தபின், அந்தந்தச் சுவரில் சாய்த்துவைத்துக் காலையிலும் மாலை 4 மணிக்கும் விளக்கு வெளிச்சத்திலும் மூவருமாகப் பாருங்கள்.

நீலத்துக்கு மூன்றாவது கோட் தேவைப்படலாம். அதற்கும் சேர்த்து ஒரே முறையில் கலந்து வாங்கிவிடுங்கள். மறுமுறை கலக்கும்போது ஷேடு இம்மி மாறினாலும் ஒரே சுவரில் அது காட்டிக்கொடுத்துவிடும்.