முதலில் அந்த அலமாரியைக் காலி செய்யுங்கள்

கேள்வி: எனக்கு 39 வயது, கணவருக்கு 43. பத்து வருடம் சிகிச்சை பார்த்தும் குழந்தை இல்லை. 2021இல் தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, இரண்டு வயதுக்குள் குழந்தை கேட்டிருந்தோம். காத்திருந்து சலித்துப்போய், வயதை மாற்றிக் கொடுத்ததில் ஆறு வயதுப் பெண் கிடைத்தாள். வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிறது. என்னை இன்னும் ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடுகிறாள். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் பிஸ்கட்டைத் திருடித் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கிறாள். அலமாரியில் முன்பு ஆசையாக வாங்கி வைத்த கைக்குழந்தைச் சட்டைகள் இருப்பதால், இவள் துணியெல்லாம் இவள் கொண்டுவந்த பையிலேயே இருக்கிறது. அந்தப் பையையும் யாரையும் தொட விடுவதில்லை. தத்துக்கான கலெக்டர் ஆணை இன்னும் வரவில்லை. அதற்குள் இவளை அனுப்பிவிட்டு, சின்னக் குழந்தைக்காகக் காத்திருக்கலாமா? இவள் ஒட்டவே மாட்டாள் என்கிறார் மாமியார்.
— வாசகி, திருப்பூர்

பதில்: ‘ஆன்ட்டி’க்கும் பிஸ்கட்டுக்கும் மாமியாருக்கும் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பை.

ஆறு வயதுப் பிள்ளையின் துணி என்ன பெரிய மூட்டையா? நாலு கவுன், இரண்டு சீருடை, கொஞ்சம் உள்ளாடை. ஒரே ஒரு தட்டு போதும். மூன்று மாதமாக உங்கள் வீட்டில் அந்த ஒரு தட்டு ஒழியவில்லை. வராத குழந்தையின் சட்டை அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது, வந்த குழந்தையின் சட்டை பைக்குள் கசங்கிக் கிடக்கிறது. அப்புறம் அவள் ஒட்டவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள்!

நான் மாமா வீட்டில் தங்கிப் படித்தவள். அத்தை நல்லவர், சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் என் தகரப்பெட்டி கடைசிவரை கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. விருந்தாளி வந்தால் அதைக் காலால் உள்ளே தள்ளுவார்கள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. துணி பெட்டியில் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் கிளம்பச் சொல்வார்கள் என்று பிள்ளைக்குத் தெரியும். அவள் பையை யாரையும் தொட விடாததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? கிளம்பச் சொல்லும் நாள் வரும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் கணக்கு தப்பவில்லை.

அவள் எப்படி உங்களிடம் வந்தாள் என்று யோசித்தீர்களா? இரண்டு வயதைத் தாண்டிய ஒரு குழந்தை ஆதரவில்லாமல் கிடைத்தால், நான்கு மாதம்வரை பெற்றவர்களைத் தேட வேண்டும், பத்திரிகையில் படம் போட வேண்டும். யாரும் வராவிட்டால்தான் குழந்தைகள் நலக் குழு தத்துக்கு விடும். பெற்றவர்களே ஒப்படைத்திருந்தாலும் மனம் மாற அறுபது நாள் அவகாசம் உண்டு. எந்த வழியாக வந்திருந்தாலும் சரி, தன்னைத் தேடி வருவார் என்று அவள் காத்திருந்த யாரோ ஒருவர் வரவில்லை. ஐந்து வயதைத் தாண்டிய குழந்தை என்பதால் அவளுடைய சம்மதத்தையும் கேட்டிருப்பார்கள். உங்களோடு வர அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். நீங்கள் சொன்னீர்களா?

பிஸ்கட்டைத் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தன் வீட்டில் எடுத்தால் அது எப்படித் திருட்டு? அவள் இருந்த குழந்தைகள் இல்லத்தில் மணி அடித்தால்தான் சாப்பாடு. அடுத்த வேளை தன் கையில் இல்லை. உங்கள் வீட்டில் கை எட்டும் உயரத்தில் அவள் பெயர் எழுதி ஒரு டப்பா வையுங்கள். தினமும் நிரப்புங்கள், எண்ணிப் பார்க்காதீர்கள். தலையணை உறைக்குள் எறும்பு வந்தால் சத்தம் போடாமல் உறையை மாற்றுங்கள். சில மாதம் ஆகலாம், ஆகட்டும்.

‘ஆன்ட்டி’ விஷயம் இன்னும் எளிது. பல இல்லங்களில் பார்த்துக்கொள்ள வரும் பெண்கள் எல்லோருமே ‘அம்மா’தான். ஷிஃப்ட் மாறினால் அம்மாவும் மாறுவாள், வேலையை விட்டால் வேறு அம்மா வருவாள். எத்தனை அம்மாக்கள் சொல்லாமல் போனார்கள் என்று அவளுக்குத்தான் தெரியும். உங்களுக்கு அந்தப் பெயரை அவள் இன்னும் தராமல் வைத்திருக்கிறாள் என்றால், நான் அதை நல்ல சேதியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

திருப்பி அனுப்பலாமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஆணை வருவதற்கு முன் தத்து நிறுவனத்திடம் முடியாது என்று சொல்லிவிடலாம், யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. 2022 செப்டம்பரிலிருந்து நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை தருகிறார். விண்ணப்பித்த இரண்டு மாதத்தில் முடிய வேண்டியது உங்களுக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அந்தத் தாமதத்தைத் தப்பிக்கும் சந்தாகப் பார்க்கிறீர்களே, அதுதான் எனக்குக் கோபம். நான் பழைய ஆள். ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்த பிள்ளையைச் சரிப்படவில்லை என்று அனுப்புவது எனக்குப் பிடிபடாத விஷயம். வயிற்றில் பிறந்தது பிஸ்கட்டை ஒளித்து வைத்தால் எந்த அலுவலகத்தில் கொண்டுபோய் விடுவீர்கள்? மடியில் வந்து விழுவது கைக்குழந்தை என்றாலும் அதுவும் ஒருநாள் ஆறு வயதுக்கு வரும் அம்மா, அடம் பிடிக்கும், பொய் சொல்லும்.

அந்தச் சின்னச் சட்டைகளை நான் கேலி செய்யவில்லை. பத்து வருட ஊசியும் ஏமாற்றமும் அதில் மடிந்திருக்கிறது. அழ வேண்டிய விஷயம்தான், அழுங்கள். ஆனால் அவள் பள்ளிக்குப் போன நேரத்தில் அழுங்கள். தனியாகத் தாங்க முடியவில்லை என்றால் தத்து நிறுவனத்தின் சமூகப் பணியாளரையோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ இந்த வாரமே கூப்பிடுங்கள். ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வது அவர்கள் வேலை. அவள் உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அப்போது ‘எல்லாம் நல்லா இருக்கு’ என்று காபி கொடுத்து அனுப்பாமல் உள்ளதைச் சொல்லுங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். தினமும் காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சட்டைகளை எடுத்துக் கைக்குழந்தைகள் இருக்கும் இல்லத்துக்குக் கொடுங்கள். ஒன்றே ஒன்றை வேண்டுமானால் உங்கள் புடவைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள், நான் கேட்க மாட்டேன். அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைத்துப் புதுத் தாள் விரித்துவிட்டு அவளைக் கூப்பிடுங்கள். துணியை அவளே அடுக்கட்டும், கோணலாக இருந்தாலும் நீங்கள் சரிசெய்யாதீர்கள். பை காலியானதும் அதைப் பரணில் போடவோ குப்பைக்காரரிடம் கொடுக்கவோ வேண்டாம். அது அவளுடையது. எங்கே வைக்கலாம் என்று அவளிடமே கேளுங்கள்.